தரவுத்தளங்களுக்கு ஓர் இருப்பிடம்: தமிழ்த்துறைகளும் மெய்நிகர் வழங்கிகளும்

சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதியை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பிற்சேர்க்கையாகவும் வெளியிட்டது. இன்று அதில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண விரும்பும் ஆய்வாளர் பலர் நூலக அடுக்கை நாடுவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் பேணிவரும் தென்னாசிய மின்னகராதித் தொகுப்பைத் திறக்கின்றனர். சென்னையில் தொகுக்கப்பட்ட அகராதி, சிகாகோவின் வழியாகத் தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் வந்து சேர்கிறது. இதில் குறைகூற ஏதுமில்லை. அப்பல்கலைக்கழகத்துக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம். ஆயினும், மின்தொகுப்பு ஒன்றைத் தொடங்கும் புலமையும் உழைப்பும் இங்கிருக்க, அதனை நெடுங்காலம் இயங்கும் நிலையில் வைத்திருக்கும் ஏற்பாடு மட்டும் ஏன் வேறிடத்தில் அமைகிறது என்னும் வினா எழவே செய்கிறது.

இவ்வினாவுக்கான விடையின் பெரும்பகுதி நிருவாகம் சார்ந்தது என்பது என் கருத்து. தமிழாய்வில் உருவாகும் சொல்லடைவுகள், சுவடி அட்டவணைகள், கல்வெட்டுத் தரவகங்கள், வட்டார வழக்குப் பதிவுகள் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழகத்துக்குள் நிலையான முகவரி கிடையாது. ஆய்வாளருக்கும் பணியாளருக்கும் மெய்நிகர் வழங்கியைத் தருவதை, நூலகத்தில் அடுக்கு ஒதுக்குவதைப் போன்ற அடிப்படைக் கடமையாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்கவேண்டும்.

மெய்நிகர் வழங்கி என்பது புதுமையான பொருளன்று. ஒரே கணினியைப் பல தனிக் கணினிகளாகப் பிரித்தாளும் முறையை ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே தன் பெருங்கணினிகளுக்கு வணிக நிலையில் அறிவித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்திலிருந்து 2003இல் வெளிவந்த ‘ஜென்’ மென்பொருளும், 2007இல் லினக்ஸ் கருவகத்தில் சேர்க்கப்பட்ட ‘கேவிஎம்’ வசதியும் அம்முறையைக் கட்டற்ற மென்பொருளாக எவரும் பயன்படுத்தும்படி செய்தன. கணினி மையத்தில் உள்ள சில வலிய கணினிகளுக்குள் பல வழங்கிகள் தனித்தனி இயங்குதளத்துடனும் தனித்தனிக் கடவுச்சொல்லுடனும் இயங்கும். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பாதிக்கப்படாது. அடிக்கணினியை மாற்ற நேர்ந்தால் உள்ளிருக்கும் வழங்கியை அப்படியே வேறொரு கணினிக்கு நகர்த்தலாம்.

நம் துறைகளின் நடப்பு இதற்கு மாறானது. நல்கை கிடைத்ததும் மேசைக் கணினி ஒன்று வாங்கப்படும். துறைத்தலைவர் அறையின் மூலையில் அதுவே ‘சர்வர்’ என்னும் பெயரோடு அமரும். மின்தடை, கோடை வெப்பம், வன்தட்டின் ஆயுள் ஆகியவை அதன் காலத்தைத் தீர்மானிக்கும். இன்னொரு வழி, திட்ட முதன்மை ஆய்வாளர் தம் சொந்தப் பெயரில், தம் சொந்த வங்கி அட்டையில், தனியார் நிறுவனத்திடம் வழங்கியை வாடகைக்கு எடுப்பது. வாடகையும் களப்பெயரும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். அவர் ஓய்வு பெற்றாலோ வேறு பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலோ புதுப்பிக்கும் அறிவிப்பு யாரும் திறவாத மின்னஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேரும். கைவிடப்பட்ட களப்பெயரை வேறெவரும் வாங்கிக்கொள்ளலாம். மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்த முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றில், சொல்லாட்சி பற்றிய இயல் முழுவதற்கும் சான்றாகக் காட்டப்பட்ட தரவகத்தின் முகவரியைத் திறந்தபோது சூதாட்ட விளம்பரமே தோன்றியது. ஆய்வாளரின் முடிபுகள் சரியானவையாக இருக்கக்கூடும். அவற்றைச் சரிபார்க்க வழி இல்லை என்பதே சிக்கல்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கியது. அதன் பயனாகச் ‘சோத்கங்கா’வில் ஆய்வேடுகள் திரண்டுள்ளன. ஆய்வேட்டின் பனுவல் காக்கப்படுகிறது. அப்பனுவல் எந்தத் தரவின்மேல் நிற்கிறதோ அத்தரவுக்கு இணையான ஏற்பாடு இல்லை. அடித்தளத்தை விட்டுவிட்டு மாடத்தை மட்டும் காப்பது இது.

செலவு மிகுதி என்னும் வாதத்தைச் சற்று விரிவாக நோக்கவேண்டும். பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் ஒருங்குறிப் பனுவலாக அமைந்தால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு என்று கொண்டாலும் மொத்த அளவு சில மெகாபைட்டைத் தாண்டாது. இலக்கணக் குறிப்புகளோடு கூடிய தொடரடைவு பத்து மடங்கானாலும் இன்றைய கைப்பேசி ஒன்றில் அடங்கிவிடும். இத்தகைய திட்டத்துக்கு இரண்டு செயலிக் கூறுகளும், 4 கிகாபைட் நினைவகமும், 50 கிகாபைட் வட்டும் கொண்ட சிறு மெய்நிகர் வழங்கி போதும். சுவடிப் படங்களின் கணக்கு வேறு. 6000க்கு 4000 புள்ளிகள் கொண்ட வண்ணப்படம் ஒன்று சுருக்கப்படாத நிலையில் 72 மெகாபைட் கொள்ளும். 200 ஏடுகள் உள்ள ஒரு சுவடியின் இருபுறமும் படமெடுத்தால் 400 படங்கள். ஏறத்தாழ 29 கிகாபைட். நூறு சுவடிகளுக்கு மூன்று டெராபைட்டை நெருங்கும். இவற்றை மெய்நிகர் வழங்கியின் வட்டில் அடைப்பது தவறான வடிவமைப்பு. மூலப்படங்கள் தனிச் சேமிப்பகத்தில் இருக்க, பார்வைக்குரிய சிறிய படிகளும் விவரப்பட்டியலும் மட்டும் வழங்கியில் இருக்கவேண்டும். துறைகள் இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் ‘பெரிய சர்வர் வேண்டும்’ என்று விண்ணப்பிப்பதும், நிதி அலுவலர் அதனைத் தள்ளுபடி செய்வதும் நம் வளாகங்களில் பழகிப்போன நாடகம்.

கணினி மையத்தாரின் தயக்கத்திலும் நியாயமுண்டு. தமிழ்த்துறைக்கு ஒரு வழங்கியைத் தந்தால் அதனை யார் இற்றைப்படுத்துவார் என அவர்கள் கேட்கின்றனர். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 சூன் இறுதியோடு நின்றது. இற்றைப்படுத்தப்படாத வழங்கி தாக்குவோருக்குத் திறந்த வாயில். இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் எனவும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும் எனவும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறை பணிக்கிறது. இப்பொறுப்பைச் சங்க இலக்கிய ஆய்வாளர் ஒருவர்மேல் சுமத்துவது பொருந்தாது. ஆகவே வெறும் வழங்கியைக் கையளிப்பதைவிட, இயங்குதளத்தையும் காப்புப்படியையும் கணினி மையம் பார்த்துக்கொள்ள, உள்ளடக்கத்தைத் துறை பார்த்துக்கொள்ளும் முறையே நமக்கு ஏற்றது. நிரலாக்கம் அறிந்த சிலருக்கு முழு ஆளுகை தேவைப்படலாம். எழுத்துவழி உறுதிமொழி பெற்று அவர்களுக்குத் தரட்டும். காப்புப்படி பற்றி ஒரு சொல்: வழங்கியின் நொடிநிலைப் படியை அதே சேமிப்பகத்தில் வைத்துவிட்டுக் காப்பு எடுத்தாயிற்று எனக் கருதுவோர் உளர். அச்சேமிப்பகம் அழிந்தால் இரண்டும் அழியும்.

வழங்கி கிடைத்துவிட்டால் எல்லாம் நிலைபெறும் என்றும் கருதுதல் கூடாது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மின்புலமை ஆய்வகம், முன்னோர் உருவாக்கிய ஏறத்தாழ நூறு திட்டங்களை ஒருசேரப் பொறுப்பேற்க நேர்ந்தது. அவற்றுள் பல, காலங்கடந்த மென்பொருளில் இயங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, சிலவற்றுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்து, சிலவற்றை அசையாப் பக்கங்களாக மாற்றிய பட்டறிவை அவ்வாய்வகத்தார் 2019இல் கட்டுரையாக வெளியிட்டனர். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ‘எண்டிங்ஸ்’ திட்டத்தாரோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றனர்: திட்டம் முடியும்போது வழங்கியில் எந்த மென்பொருளையும் சாராத எளிய கோப்புகளாக அது எஞ்சவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தமிழில் இதற்குச் சான்று தேட வெகுதூரம் செல்லவேண்டா. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் பயன்படுவதற்குத் தன்னார்வலரின் உழைப்போடு, அதன் நூல்கள் எளிய கோப்புகளாக இருப்பதும் காரணம். முன்பு டிஸ்கி குறியேற்றத்தில் அமைந்த பனுவல்களை ஒருங்குறிக்கு மாற்ற முடிந்ததும் கோப்புகள் கைக்கெட்டும் வடிவில் இருந்தமையால்தான். தனியார் எழுத்துருக்களில் தட்டச்சு செய்து தரவுத்தளத்துள் பூட்டப்பட்ட பனுவல்கள் பலவற்றுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

எனவே வழங்கி கோரும் விண்ணப்பத்திலேயே அதனை மூடும் முறையும் எழுதப்படவேண்டும். முகவரி பல்கலைக்கழகக் களப்பெயரின்கீழ் அமைதல் வேண்டும். தனியாள் பெயரில் கூடாது. பொறுப்பாளர் இருவர் வேண்டும், அவருள் ஒருவர் நிலைப்பணியில் உள்ளவராதல் வேண்டும். ஆய்வு உதவியாளரின் இரண்டாண்டு நியமனத்தை நம்பிப் பத்தாண்டுத் தரவகம் நடத்த இயலாது. பேச்சுப் பதிவுகளைத் திரட்டுவோர் இன்னொன்றையும் எண்ணவேண்டும். தகவலாளியின் குரலும் பெயரும் ஊரும் தனிநபர் தரவு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு நிபந்தனையுடன் விலக்களித்தாலும், தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நமக்குக் கதை சொன்ன மூதாட்டிக்கு நாம் தந்த வாக்கு அச்சட்டத்துக்கும் முற்பட்டது. அவர் குரல் எங்கே சேமிக்கப்பட்டுள்ளது, யார் கேட்கலாம் என்பதைச் சொல்ல இயலாத துறை, களப்பணிக்கு மாணவரை அனுப்பத் தகுதியுடையதா என ஐயுறுகிறேன்.

நிருவாகம் முன்வரும்வரை காத்திருக்காமல் ஆய்விதழ்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தரவகத்தைச் சான்றாகக் கொண்ட கட்டுரை வரும்போது, அத்தரவின் எளிய கோப்பு வடிவப் படியும், அது வைக்கப்பட்டுள்ள நிறுவனத்தின் முகவரியும், பயன்படுத்திய பதிப்பின் நாளும் மதிப்பீட்டாளர் கைக்கு வராமல் கட்டுரையை மதிப்பீட்டுக்கே அனுப்பலாகாது. அச்சேறாத சுவடியை மேற்கோள் காட்டுவோரிடம் அது எந்நூலகத்தில், எந்த எண்ணில் உள்ளது என நாம் தயங்காமல் கேட்டுவருகிறோம். தரவகம் காட்டுவோரிடமும் அதையே கேட்கலாம். இவ்விதழின் அடுத்த அறிவிப்பிலேயே அவ்விதியைச் சேர்க்கத் தடையேதும் இல்லை.