'டூ' போட்டா ஒண்ணு, 'பை' போட்டா வேற!

ஐயெல்ட்ஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வில் முதல் கேள்வியே சார்ட், கிராஃப் மாதிரி ஐட்டம்தான். குறைஞ்சது 150 வார்த்தை எழுதணும். திருவாலங்காட்டில் ரயிலேறி சென்னைக்குக் காலேஜ் போற ஃப்ரெண்ட்ஸ், திருவள்ளூர் வர்றதுக்குள்ள இதைப் படிச்சிடலாம்.

தமிழ்நாட்டு எழுத்தறிவையே எடுத்துக்குவோம். சென்சஸ்படி 1991-ல் சுமார் 63 சதவீதம், 2001-ல் 73, 2011-ல் 80. கடைசிப் பத்து வருஷத்துக்கு 'ரோஸ் டூ 80 பர்சென்ட்'னு எழுதினா, 80 ஆக உயர்ந்ததுன்னு அர்த்தம். தமிழில் 'ஆக' செய்யற வேலையை அங்கே 'டூ' செய்யுது. 'பை' போட்டா எவ்வளவு கூடியதுங்கிற கணக்கு. அப்போ 'ரோஸ் பை 7 பர்சென்ட்' சரியா? அதுவும் இல்லை! 73-ல் 7 சதவீதம் சுமார் 5தான், 78-லேயே நின்னுடும். 'பை 7 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'னு எழுதணும். நிறைய பேர் சறுக்கறது இங்கேதான்.

மூணு சென்சஸிலும் சீரா ஏறுதா? 'ஸ்டெடிலி' போடுங்க. நம்ம ரத்தின சபையில் ஈசன் காலைத் தூக்கின மாதிரி கோடு செங்குத்தா எகிறினாதான் 'ஷார்ப்லி'. ஏன் ஏறுச்சுன்னு சத்துணவுக் கதையெல்லாம் வேண்டாம் பாஸ், சார்ட்டில் இருக்கறதை மட்டும் எழுதுங்க!