திட்டத்துக்குக் காசு இருக்கு, கணக்கு எழுதுபவருக்கு இல்லை: சிறு தொண்டு நிறுவனங்களின் நிதிச் சிக்கல் என்ன?

முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, ஆதரவற்ற பெண்களுக்கான விடுதி, போதை மீட்பு மையம். இவற்றை நடத்தும் சிறு தொண்டு நிறுவனங்களிடம் பேசினால் முதலில் வரும் வார்த்தை, 'ஃபண்ட் இல்லை'. பெரிய கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பிரிவில் கேட்டால், 'நல்ல பார்ட்னர் கிடைக்கலை' என்கிறார்கள்.

இரண்டுமே எப்படி உண்மையாக இருக்க முடியும்? முடியும். பணத்துக்கும் சேவைக்கும் நடுவே பதிவு, தணிக்கை, திட்ட அறிக்கை, கணக்கு என்று ஒரு பெரிய வேலை இருக்கிறது. அதைச் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும். அந்தச் செலவை ஏற்கத்தான் யாரும் முன்வருவதில்லை.

சரி, காசு எங்கே இருக்கு?

முதல் இடம் சிஎஸ்ஆர். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட நிறுவனம், கடந்த 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் 7-வது அட்டவணையில் முதியோர் இல்லம், பகல்நேரப் பராமரிப்பு மையம், பெண்கள் மற்றும் ஆதரவற்றோர் விடுதி எல்லாம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் பக்கத்து ஊரில் தொழிற்சாலை இருந்தால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, மத்திய அரசின் மானியம். முதியோர் இல்லங்களுக்கு அடல் வயோ அப்யுதய் திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பள்ளிகளுக்கு தீன்தயாள் மறுவாழ்வுத் திட்டம். இவற்றுக்கு இ-அனுதான் போர்ட்டல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். லாப நோக்கமற்ற அமைப்புகள் பங்குச்சந்தை வழியாக நன்கொடை திரட்ட செபி உருவாக்கிய ஏற்பாடு இது. குறைந்தபட்சம் திரட்ட வேண்டிய தொகையை 2023-ல் 1 கோடி ரூபாயிலிருந்து 50 லட்சமாகக் குறைத்தார்கள். மாதச் சம்பளம் கொடுக்கவே தடுமாறும் சிறு அமைப்புக்கு இதுவும் எட்டாத உயரம்தான்.

என்னென்ன பேப்பர் வேண்டும்?

டிரஸ்ட், சொசைட்டி அல்லது பிரிவு 8 கம்பெனி என ஏதாவது ஒரு பதிவு முதலில் வேண்டும். அடுத்து வருமான வரித் துறையிடம் பெறும் பதிவுகள். 12ஏ, 80ஜி என்ற பெயர்களில்தான் இவை புழக்கத்தில் இருக்கின்றன. மத்திய அரசு மானியத்துக்கு நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பன் எண்ணும் தேவை.

சிஎஸ்ஆர் நிதிக்கு, இவற்றோடு சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுன்டன்ட் ஆகியோரில் ஒருவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். கம்பெனியோ அரசோ தொடங்காத அமைப்பு என்றால், அதே துறையில் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும்.

வெளிநாட்டு நிதி வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு தேவை. அதற்கும் 3 ஆண்டு அனுபவம் வேண்டும்; அந்த 3 ஆண்டுகளில் சேவைக்காக மட்டும் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும்.

இந்த விதிகள் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. பெயருக்கு டிரஸ்ட் நடத்திப் பணம் சுருட்டியவர்களும் உண்டு. ஆனால் காலையில் டயப்பர் மாற்றி, மதியம் மருந்து வாங்கி, இரவில் ஆம்புலன்ஸுக்கு போன் செய்யும் அதே நபர், இடையில் இந்த வேலையையும் எப்படிப் பார்ப்பார்?

பயிற்சி எங்கே காணாமல் போனது?

2014-ம் ஆண்டின் சிஎஸ்ஆர் விதிகளில் நல்ல வரி ஒன்று இருந்தது. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கும், தங்களுக்காகத் திட்டத்தை நடத்தும் அமைப்புகளின் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்கலாம். நிர்வாகச் செலவையும் சேர்த்து, மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதம் வரை அதற்குப் போகலாம் என்றது அந்த வரி. 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டபோது, கம்பெனி ஊழியர்களுக்கான பயிற்சி மட்டும் தங்கியது. களத்தில் வேலை பார்க்கும் அமைப்பு அந்த வரியிலிருந்து நழுவிவிட்டது.

மிச்சமிருக்கும் 5 சதவீத உச்சவரம்பு, கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. அதைத் தொண்டு நிறுவனத்துக்கான வரம்பு என்று புரிந்துகொண்டு பட்ஜெட்டை வெட்டுவதும் நடக்கிறது. குறிப்பிட்ட திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அந்த 5 சதவீதத்தில் சேராது. இது தெரியாமல் பேச்சுவார்த்தைக்குப் போனால், கணக்காளரின் சம்பளம்தான் முதலில் அடிபடும்.

எஃப்சிஆர்ஏ-வில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தம், நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. வெளிநாட்டு நிதியைப் பெறும் அமைப்பு அதை வேறு அமைப்புக்குக் கொடுப்பதையும் தடை செய்தது. பெரிய அமைப்பு பணம் வாங்கி, பதிவு பெற்ற சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்து, கூடவே கணக்கும் அறிக்கையும் எழுதக் கற்றுக்கொடுத்துவந்த வழி அதோடு அடைபட்டது.

விளைவு என்ன? பிரிட்ஜ்ஸ்பேன் அமைப்பு 388 இந்தியத் தொண்டு நிறுவனங்களிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. அமைப்பை வளர்ப்பதற்கான நிதியைப் பெறத் திணறுகிறோம் என்று அவற்றில் பல சொன்னன.

இப்போது கற்றுக்கொள்ள வழி இருக்கா?

இருக்கிறது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், மதுரையில் தானம் அறக்கட்டளையின் டாடா-தான் அகாடமி போன்றவை இத்துறைக்கு ஆட்களை உருவாக்குகின்றன. ஆனால் இல்லத்தை நடத்துபவரால் 2 ஆண்டு படிப்புக்குப் போக முடியாது. அவருக்குத் தேவை, தமிழில், பக்கத்து ஊரில், 2 நாளில் முடியும் கணக்கு வகுப்பு.

பணத்தையும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கும் முயற்சிகள் குறைவு. எடெல்கிவ் ஃபவுண்டேஷன் 2021-ல் தொடங்கிய குரோ ஃபண்ட் அப்படி ஒன்று. களத்தில் இயங்கும் 100 அமைப்புகளை 24 மாதம் தாங்குவதே அதன் நோக்கம். வாடகை, சம்பளம், பயிற்சி எல்லாமே அதில் அனுமதிக்கப்பட்ட செலவுகள்.

செலவில்லாமல் தொடங்க முடிந்தவையும் உண்டு. கூகுள் ஃபார் நான்பிராஃபிட்ஸ் திட்டத்தில் அமைப்பின் பெயரில் இலவச மின்னஞ்சல் கிடைக்கும். தேசிய சிஎஸ்ஆர் போர்ட்டலில் எந்தக் கம்பெனி, எந்த மாநிலத்தில், எந்தத் துறைக்குச் செலவிட்டது என்று தேடலாம். கம்பெனிகள் தங்கள் சிஎஸ்ஆர் கொள்கையையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அதைப் படித்துவிட்டு விண்ணப்பித்தால், சம்பந்தமில்லாத 20 கம்பெனிகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பும் வேலை மிச்சம்.

என்ன மாற வேண்டும்?

2014-ம் ஆண்டின் அந்த வரியை மத்திய அரசு திரும்பக் கொண்டுவர வேண்டும். புதிதாகப் பணம் ஒதுக்கத் தேவையில்லை. ஏற்கெனவே செலவாகும் பணத்தில் ஒரு பங்கை, வேலை செய்பவரின் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தால் போதும்.

தமிழக அரசும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இல்லங்களுக்கு உரிமம் கொடுப்பதும் ஆய்வு செய்வதும் மாவட்ட அளவில்தான் நடக்கிறது. அதே அலுவலகங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை பதிவு, தணிக்கை, விண்ணப்பம் பற்றி வகுப்பு எடுக்கலாம். தவறு கண்டுபிடிக்க வரும் அதிகாரி, அது நடக்காமல் இருக்க வழி சொல்லவும் ஒரு நாள் வரலாமே!

நிதி கொடுக்கும் கம்பெனிகளும் யோசிக்க வேண்டும். நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதை மட்டுமே நேர்மைக்கு அடையாளமாகப் பார்ப்பது சரியா? கணக்காளரே இல்லாத இடத்தில் நிர்வாகச் செலவு குறைவாகத்தான் இருக்கும். பணம் எங்கே போனது என்று சொல்லவும் ஆள் இருக்காது.

அலுவலகத்தில் எக்ஸெல், பிரசன்டேஷன், பட்ஜெட் என்று நாள் முழுக்கப் புழங்கும் இளைஞர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பிறந்தநாளுக்கு இல்லத்தில் ஒருவேளை சாப்பாடு போடுவது நல்ல விஷயம்தான். அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய் வரவு-செலவை ஷீட்டில் ஏற்றிக் கொடுங்கள். விண்ணப்பத்தைப் படித்துத் திருத்திக் கொடுங்கள். நன்கொடை தரும்போது, 'சம்பளத்துக்கும் வாடகைக்கும்கூடப் பயன்படுத்திக்கோங்க' என்று சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு வரி, வாங்குபவருக்குப் பெரிய விடுதலை.