பிழைகளுக்கென்று ஒரு பத்தி

ரொறன்ரோ நகரின் றோஜர்ஸ் சென்ரர் அரங்கில் பகல்நேர பேஸ்போல் ஆட்டங்கள் சில ஒரு மணி ஏழு நிமிடத்துக்கு ஆரம்பமாகும். ஒரு மணிக்கு என்று அறிவித்துவிட்டு ஒன்றே முக்காலுக்குத் தொடங்கும் எமது கூட்டங்களைச் செய்தியாக்குவதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஒன்று ஏழு என்று சொல்லி ஒன்று ஏழுக்கே முதற்பந்தை வீசுகின்றவர்கள்மீது எனக்கு மரியாதை ஏற்பட்டதில் வியப்பில்லை.

மகளின் குடும்பத்தோடு ஸ்காபரோவில் கழிக்கும் கோடைகாலங்களில், பேரனின் புண்ணியத்தில் நானும் புளூ ஜேய்ஸ் அணியின் ரசிகனாகிவிட்டேன். கிரிக்கெட்டில் ஊறிய மனம் முதலில் முரண்டுபிடித்தது உண்மைதான். ஆனாலும் நமது பாடசாலை மைதானங்களில் எல்லே ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, பந்தை அடித்துவிட்டுத் தளம் தளமாகச் சுற்றி ஓடிவருவது அப்படியொன்றும் அந்நியமான காட்சியல்ல. ஆகவே, ஒரு புதன்கிழமை காலையில் பன்னிரண்டு வயதுப் பேரனும் நானும் ஆட்டம் பார்க்கப் புறப்பட்டோம். எக்ளின்ரன் வீதியில் பஸ் ஏறி, கெனடி நிலையத்தில் சுரங்க ரயில் பிடித்து, வழியில் ஒருமுறை மாறி, யூனியன் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து அரங்குவரை கூரையிட்ட நடைபாதை இருக்கிறது. ரிக்கற் பேரனின் தொலைபேசிக்குள் இருந்தது. கையில் பிடித்துப் பார்க்க ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. என் சட்டைப்பையில் இரண்டு பென்சில்கள், தோற்பையில் மகள் சுற்றித் தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

அரங்கின் வெளிச்சுவரில், உயரத்தில், பொன்னிறத்தில் சில இராட்சத உருவங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கனேடியக் கலைஞர் மைக்கல் ஸ்னோ, அரங்கு திறக்கப்பட்ட 1989ஆம் ஆண்டில் செய்துவைத்த சிற்பத் தொகுதி அது. பார்வையாளர்கள் என்பதுதான் அதன் பெயர். ஒருவர் விரலை நீட்டுகிறார், ஒருவர் கேலி செய்கிறார், ஒருவர் கூச்சலிடுகிறார். உள்ளே நுழையும் ரசிகனுக்கு அவன் எப்படித் தோற்றமளிக்கப்போகிறான் என்பதை வாசலிலேயே காட்டிவிடுகின்றார்கள். அரங்கின் கூரை அன்று திறந்திருந்தது. திறப்பதற்கோ மூடுவதற்கோ இருபது நிமிடங்கள் போதுமாம். முதலில் அமெரிக்க தேசிய கீதம், பின்னர் கனேடிய தேசிய கீதம். 2004ஆம் ஆண்டுடன் மொன்றியல் அணி வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்துவிட்டதால், முப்பது அணிகள் கொண்ட இப்பெருந்தொடரில் கனடாவுக்கென எஞ்சியிருப்பது இந்த ஓர் அணிதான்.

ஆட்டத்தை வர்ணிப்பது என் நோக்கமல்ல. வருடத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடும் அணி அது. அவற்றில் ஒன்றின் முடிவு எவருக்கும் நினைவில் நிற்கப்போவதில்லை. நான் சொல்லவந்தது புள்ளிப்பலகையைப் பற்றியது.

பேஸ்போல் பலகையில் ஒவ்வோர் இனிங்ஸின் ஓட்டங்களுக்கும் அப்பால், வலது ஓரத்தில் மூன்று பத்திகள் இருக்கும். முதலாவது ஓட்டங்கள். இரண்டாவது ஹிட், அதாவது அடித்தவன் தன் திறமையால் தளம் சேர்ந்த தடவைகள். மூன்றாவது எரர். களத்தடுப்பாளர் விட்ட பிழைகள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்க, பெரிய எழுத்தில் அது நிற்கும். மறுநாள் அச்சாகும் புள்ளிப்பட்டியலில் பிழைவிட்டவரின் பெயரும் இருக்கும்.

நாம் போற்றும் கிரிக்கெட்டில் இப்படியொன்று இல்லை. அகலப்பந்து, முறையற்ற பந்து, காப்பாளர் தவறவிட்ட பந்து ஆகியன உதிரிகள் என்ற பெயரில் பதியப்படுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால், ஏழு ஓட்டங்களில் இருந்தவரின் இலகுவான பிடியை ஒருவர் நழுவவிட, அவர் நூற்றைம்பது அடித்துத் தள்ளினால், பட்டியலில் நூற்றைம்பது மட்டுமே இருக்கும். நழுவவிட்டவர் யார் என்பதற்கு அங்கே இடமே இல்லை. அந்த விபரத்தை மறுநாள் பத்திரிகைக்காரன் எழுதினால் உண்டு.

பேஸ்போலின் புள்ளிப்பட்டியலை வடிவமைத்தவர் என்று கொண்டாடப்படுபவரும் ஒரு பத்திரிகைக்காரரே, அதுவும் கிரிக்கெட் செய்தியாளர், என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். ஹென்றி சட்விக் என்பவர் 1824இல் இங்கிலாந்தின் எக்ஸெற்றரில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் புறூக்ளினுக்கு வந்தவர். கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அவர், கிரிக்கெட் பட்டியலின் சாயலில் பேஸ்போலுக்கும் ஒரு பட்டியலை உருவாக்கினார். அவர் 1908இல் மறைந்தார். 1938இல் அவரது பெயர் பேஸ்போல் பெருமக்கள் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது.

அதைவிட முக்கியமானது, ஒரு பந்து ஹிட்டா எரரா என்று தீர்மானிக்கும் அதிகாரம் நடுவருக்கு இல்லை என்பதாகும். அதற்கென உத்தியோகபூர்வப் புள்ளிப் பதிவாளர் ஒருவர் பத்திரிகையாளர் மாடத்தில் அமர்ந்திருப்பார். 1970களின் இறுதிவரை அந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் பத்திரிகையாளர்களே வகித்தார்கள். பகலில் ஒரு நட்சத்திர வீரருக்குப் பிழை எழுதிவிட்டு மாலையில் அவரிடமே செவ்வி கேட்டுப் போவது எத்தகைய சங்கடம் என்பதை எவரும் ஊகிக்கலாம். செய்தி சேகரிப்பவன் செய்தியின் பங்காளியாக இருக்கக்கூடாது என்று பத்திரிகை நிறுவனங்களே படிப்படியாக அதற்குத் தடைவிதித்தன. அது சரியான முடிவுதான். இருந்தாலும் எனக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருக்கிறது. பிறருடைய பிழையைத் தீர்ப்பதற்கு எமக்குச் சம்பளம் தரப்பட்ட காலம் ஒன்று இருந்திருக்கிறதே!

சாதாரண முயற்சியால் செய்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டால் அது பிழை. விதி அவ்வளவுதான். தீர்ப்புத் தவறென்று பட்டால் ஆட்டம் முடிந்து 24 மணித்தியாலத்துக்குள் பதிவாளர் அதை மாற்றிக்கொள்ளலாம். இன்னோர் அழகான ஏற்பாடும் உண்டு. களத்தடுப்பாளரின் பிழையால் பெறப்பட்ட ஓட்டங்கள் பந்துவீச்சாளரின் சராசரிக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. உதவி ஆசிரியர் போட்ட தலைப்புக்காக நிருபர் உதை வாங்கும் தொழிலில் இருந்தவன் என்ற வகையில், இந்த விதியை எழுதியவரின் கைகளைப் பிடித்து நன்றி சொல்ல விரும்புகின்றேன்.

அன்றைய ஆட்டத்தில், ஆறாவது இனிங்ஸில், விருந்தினர் அணியின் மூன்றாம் தளக் காப்பாளரை நோக்கி ஒரு பந்து உருண்டு வந்தது. இருவர் ஏற்கனவே ஆட்டமிழந்திருந்தனர். எடுத்து எறிந்தால் இனிங்ஸ் முடிந்தது. பந்து கையுறைக்கு அடியால் நழுவிப் போயிற்று. அரங்கமே எழுந்து ஆரவாரித்தது, பேரன் உட்பட. சில நொடிகள் கழித்துப் பலகையின் கடைசிப் பத்தியில் பூச்சியம் ஒன்றாக மாறியது. அடுத்து வந்தவர் பந்தை எல்லைச் சுவருக்கு அடிக்க, இரண்டு ஓட்டங்கள்.

“அம்மப்பா, ஈ ஃபைவ் எண்டு எழுதுங்கோ” என்றான் பேரன். களத்திலுள்ள ஒன்பது பேருக்கும் ஒன்பது இலக்கங்கள், மூன்றாம் தளத்துக்கு உரியது ஐந்து. எழுதினேன்.

இதற்கு இரண்டு இனிங்ஸ் முன்னர் அதே அணியின் இடதுபுறக் களத்தடுப்பாளர், தனக்கு முன்னால் விழவிருந்த ஒரு பந்தை நோக்கி ஓடாமல் தயங்கி நின்றுவிட்டார். பந்து புற்றரையில் விழுந்தது. அது ஹிட் என்றே பதியப்பட்டது. அவர் பந்தைத் தொடவில்லை. தவறான கணிப்பும் மனத் தயக்கமும் பிழையாகா என்று விதியே சொல்கிறது. மூன்றாம் தளத்தவரோ எட்டாவது இனிங்ஸில், இடிபோல வந்த ஒரு பந்தைப் பாய்ந்து விழுந்து பிடித்தார். அதைப் போடுவதற்குப் பலகையில் இடமில்லை. ஆட்டம் முடிந்தபோது, நின்றவரின் ஏடு சுத்தமாக இருந்தது. பாய்ந்தவரின் பெயருக்கு எதிரே ஒரு பிழை இருந்தது.

பேஸ்போல் விமர்சகர்கள் இந்தக் குறையை நீண்ட காலமாகவே சுட்டிக்காட்டி வருகிறார்கள். எட்டிப் பிடிக்க முயலாதவனுக்குப் பிழை வராது. இதை வாசிக்கும் என் பத்திரிகைச் சகபாடிகளுக்கு மேலே விளக்கம் தேவைப்படாது. யுத்த காலத்தில் எதையுமே எழுதாமல், வந்த அறிக்கைகளை வந்தபடியே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, பிழையற்ற ஏட்டுடன் ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். எழுதியவர்கள் சிலர் இன்று உயிரோடு இல்லை. எழுதியும் தப்பிய எம்போன்றவர்களின் பெயர்களுக்கு எதிரேதான் பிழைகள் இருக்கின்றன.

இருந்திருக்க வேண்டும் என்று சொல்வதே சரி. எங்கள் தொழிலில் அந்தப் பத்தி இருக்கவில்லை.

1980களின் பிற்பகுதியில், ஒரு சம்பவத்தில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் இரவு பத்து மணிக்குப் பின்னர் தொலைபேசியில் வந்தது. இரைச்சல் மிகுந்த இணைப்பு. பெயர்களைக் கேட்டு எழுதியவன் நான். ஒரே ஊரில், ஒரே பெயரில், தலைப்பெழுத்து மட்டும் வேறான இருவர் இருந்தார்கள். நான் எழுதிய தலைப்பெழுத்து உயிரோடிருந்தவருடையது. மீண்டும் அழைத்து உறுதிப்படுத்தியிருக்கலாம். சாதாரண முயற்சியே போதுமானதாக இருந்தது. பக்கம் மூடும் நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அவர் வெளியூரில் நின்றிருந்தார். இரண்டு நாட்கள் அவருடைய வீட்டில் ஒப்பாரி வைத்தார்கள். அதே இரண்டு நாட்களும் மற்றைய வீட்டில், பட்டியலில் தங்கள் பிள்ளையின் பெயர் இல்லையென்று ஆறுதலோடு இருந்தார்கள். எனக்கு இன்றுவரை மறக்காமல் இருப்பது இந்த இரண்டாவது வீடுதான்.

மூன்றாம் நாள் பத்திரிகையின் உட்பக்கத்தில், ஒரு சவர்க்கார விளம்பரத்துக்குக் கீழே, மூன்று வரியில் திருத்தம் வந்தது. “தவறுக்கு வருந்துகிறோம்” என்று பன்மையில். எந்த நிருபர், எவ்வாறு தவறினார் என்ற விபரம் இல்லை. முதல் பக்கத்தில் நிகழ்ந்த பிழைக்கு உட்பக்கத்தில் திருத்தம் போடும் வழக்கம் அன்று எல்லாப் பத்திரிகைகளிலும் இருந்தது. இன்றைய இணையத் தளங்களில் அதுவும் இல்லை. பிழையான செய்தி சத்தமில்லாமல் மாற்றப்பட்டுவிடுகிறது. முன்னர் வாசித்தவனுக்குத் தான் வாசித்தது பொய் என்பதே தெரியவராது. முதல் பக்கத்தில் விட்ட பிழையை முதல் பக்கத்திலேயே திருத்தவேண்டும், விட்டவரின் பெயரோடு, என்பது என் கருத்து. பெயர் போட்டால் நிருபர்கள் பயந்து எழுதாமல் விட்டுவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஐம்பது வருடங்களாக இதைக் கேட்டுவருகிறேன்.

அந்த அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1986ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பொஸ்ரன் அணியின் பில் பக்னரின் கால்களுக்கு இடையால் ஒரு பந்து போயிற்று. தன் வாழ்நாளில் 2,715 ஹிட் அடித்தவர் அவர். ஆனால் 2019இல் அவர் காலமானபோதும் அந்த ஒரு பந்தைப் பற்றியே பேசினார்கள். கூட்டம் கொடியது. மைக்கல் ஸ்னோ அதைச் சுவரிலேயே செய்துவைத்திருக்கிறார்.

ஆனால் வேறொரு நாளும் உண்டு. 2010ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் திகதி, டெட்ரொயிற் நகரில், அர்மாண்டோ கலராகா என்ற பந்துவீச்சாளர் 26 பேரை வரிசையாக ஆட்டமிழக்கச் செய்திருந்தார். இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால், எதிரணியில் ஒருவர்கூடத் தளம் சேராத முழுநிறைவான ஆட்டம். அந்த 27ஆவது வீரர் தளத்தை எட்டுமுன்னரே பந்து வந்துவிட்டது. ஆனால் முதலாம் தள நடுவர் ஜிம் ஜோய்ஸ், வீரர் தப்பினார் என்று தீர்ப்பளித்தார். ஆட்டம் முடிந்தபின் ஒளிப்பதிவைப் பார்த்த ஜோய்ஸ், தான் தவறிவிட்டதைப் பத்திரிகையாளர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். கலராகாவிடம் கண்ணீருடன் மன்னிப்பும் கேட்டார். மறுநாள் அதே இரு அணிகளுக்கும் ஆட்டம் இருந்தது. பிரதான நடுவராக ஜோய்ஸ் நின்றார். அணியின் பெயர்ப்பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கையளித்தவர் கலராகா. மைதானத்திலேயே ஜோய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு மாற்றப்படவில்லை, ஏட்டில் அது அப்படியேதான் இருக்கிறது. இத்தகைய தீர்ப்புகளை ஒளிப்பதிவின் துணையுடன் மீள்பரிசீலிக்கும் நடைமுறை 2014இல்தான் விரிவாக வந்தது.

நான் அந்த இரண்டாவது வீட்டுக்கு ஒருபோதும் போகவில்லை.

ஆட்டம் மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. பந்தை வீசுவதற்கு 2023இலிருந்து நேரக்கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். புளூ ஜேய்ஸ் வென்றது. திரும்பும் வழியில் ரயில் நிறைய நீலச் சட்டைகள். கெனடி நிலையம் வரும்வரை பேரன் மடியில் பட்டியலை விரித்து, விடுபட்டவற்றை நிரப்பிக்கொண்டு வந்தான். நான்காவது இனிங்ஸில் ஒருவரின் ஹிட்டை இன்னொருவரின் பெட்டியில் எழுதிவிட்டதைக் கண்டுபிடித்து, “அழிறப்பர் இருக்கோ அம்மப்பா?” என்று கேட்டான். பென்சிலின் பின்பக்கத்தில் இருந்தது. குறிப்பேட்டில் எதையும் அழிப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

“அழிக்காதை ராசா. குறுக்கை ஒரு கோடு போட்டிட்டு, பக்கத்திலை சரியானதை எழுது. கீழை உன்ரை பேரையும் எழுது.”

“பேர் என்னத்துக்கு?” என்றான்.

இன்னும் மூன்று நிலையங்கள் இருந்தன. அந்த இரு வீடுகளின் கதையை முதன்முறையாக ஒருவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.