உதவித்தொகை தாமதமானால் கடன் யாருடையது?

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களின் சேரிகளுக்குத் தனியார் கல்லூரிகளின் முகவர்கள் வருகின்றனர். "ஒரு ரூபாய் கட்ட வேண்டாம், எல்லாம் ஸ்காலர்ஷிப்தான்" என்று உறுதி தருகின்றனர். ஓராண்டு கழிந்ததும், கட்டணம் செலுத்தாதவர் தேர்வெழுத முடியாது என்ற அறிவிப்பு வருகிறது. குடும்பம் வங்கியை நாடுகிறது. வங்கி கைவிரித்தால் கந்துவட்டிக்காரரை நாடுகிறது. உதவித்தொகை, கட்டணச் சலுகை, கல்விக் கடன் ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதுவதால் நேரும் இழப்பு இது. இவற்றைப் பிரித்தறிவது நம் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதி.

உதவித்தொகை: திருப்பிச் செலுத்த வேண்டாதது

பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை 1944இல், அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதோர் இதற்குத் தகுதியுடையோர். இது கருணையன்று, நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேண வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் கூறு அரசுக்கு இட்ட கடமை. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களை ஒன்றியத் திட்டம் ஏற்பதில்லை. தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து அவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்தை மாற்றியமைத்தது. ஒன்றிய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு என்று நிதிப் பங்கு வகுக்கப்பட்டது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்னரே ஒன்றியத்தின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். தொகை மாணவர் கைக்கே நேரடியாக வருவது நன்று. ஆனால் அது தாமதமாகும்போது, கல்லூரி அரசைக் கேட்பதில்லை, மாணவரைத்தான் நெருக்குகிறது. அரசு கொடுக்க வேண்டிய பாக்கி, மாணவர் கொடுக்க வேண்டிய பாக்கியாக உருமாறுகிறது. சேர்க்கையின்போதே கட்டணம் கேட்காமல் இருப்பதற்கென 'ஃப்ரீஷிப் கார்டு' என்னும் ஏற்பாடு 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளில் உள்ளது. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு இந்த உதவித்தொகை வழங்குவதைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்தியது. ஒன்றிய விதிகளும் அவ்வாறே கூறுகின்றன. ஆகவே, சேர்க்கை கலந்தாய்வு வழியா, நிர்வாக ஒதுக்கீட்டிலா என்பதே முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சலுகை: கட்டணத்தின் ஒரு பகுதி மட்டும்

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேர்வோருக்குக் கற்பிப்புக் கட்டணத்தில் மட்டுமே கழிவு தருகிறது. விடுதி, பேருந்து, சீருடை என்ற பெயர்களில் கேட்கப்படும் தொகைகள் இதில் அடங்கா. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தோருக்கோ கற்பிப்புக் கட்டணத்துடன் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

கடன்: வட்டியுடன் திரும்ப வேண்டியது

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் பிணையோ தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிட்டால் போதும். 'மார்ஜின்' என்பது மாணவர் தம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. 4 லட்சம் வரை அதுவும் இல்லை.

'மொரட்டோரியம்' என்பது படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லாத காலம். தவணைக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு இல்லை. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் 10 விழுக்காடு தனிவட்டியில் பெற்றால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். அதுவும் அசலோடு கூட்டப்பட்டு 5.4 லட்சமாக நிற்கும். இந்த வட்டியை அரசே செலுத்துவதுதான் 'வட்டி மானியம்'. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்கு மிகாதோர், தகுதிபெற்ற நிறுவனங்களில் தொழிற்கல்வி பயின்றால் இது கிடைக்கும். கல்லூரிக்கு அந்தத் தகுதி உண்டா என்பதைச் சேருமுன் அறிய வேண்டும்.

தவணை தவறினால் 'வாராக்கடன்'. 2016 ஜூலையில் மதுரையில் கல்விக் கடன் பெற்றுப் படித்த இளம் பொறியாளர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கடனை வசூலிக்கும் பொறுப்பு தனியார் நிறுவனத்திடம் போயிருந்தது. அதன் நெருக்கடியே காரணம் என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கடனாளிக்கும் உரிமைகள் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

மதுரையில் நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் முன்முயற்சியில் நடந்த கல்விக் கடன் முகாம்கள், வங்கியின் கதவு தட்டினால் திறக்கும் என்பதைக் காட்டின. விண்ணப்பத்தை நிராகரிக்கக் கிளை மேலாளர் தம் மேலதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது கடன் திட்டத்தின் விதி. எனவே வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். முப்பது நாள்களில் வங்கி பதிலளிக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டண பாக்கியைக் காட்டிக் கல்லூரி அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்தால், அதைத் தடைசெய்யும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கையைச் சுட்டிக்காட்டுங்கள்.

17,500 ரூபாயை உரிய நேரத்தில் செலுத்த இயலாததால் தன்பாத் ஐ.ஐ.டி. இடத்தை இழந்த உத்தரப் பிரதேசத் தலித் மாணவர், சென்னை உயர் நீதிமன்றம் வரை அலைந்து, 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில்தான் அந்த இடத்தை மீட்டார். நம் ஊர் மாணவர் எல்லோராலும் உச்ச நீதிமன்றம் வரை போக முடியாது. கல்வியாண்டு தொடங்கும்போதே உதவித்தொகை கணக்குக்கு வர வேண்டும். தாமதமானால் அந்த நாள்களுக்குரிய வட்டியை அரசே ஏற்க வேண்டும். உதவித்தொகை அரசு நமக்குப் பட்ட கடன். அதை நம் பிள்ளைகளின் பெயரில் எழுத அனுமதிக்கக் கூடாது.