தத்தெடுத்த நாய் மூலையிலேயே முடங்கிக் கிடக்கிறதா? கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள்!

காரைக்குடி செக்காலையில் தெருவுக்கு நாலு நாய் உண்டு. அதில் ஒன்றை, அடிபட்டுக் கிடந்தது என்றோ, குட்டியாக மழையில் நனைந்தது என்றோ வீட்டுக்குத் தூக்கிவருகிறவர்களும் உண்டு. நல்ல காரியம்தான். சிக்கல் மறுநாள் ஆரம்பிக்கிறது. சோறு வைத்தால் தின்னாது. கூப்பிட்டால் வராது. கை நீட்டினால் உறுமும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்று பழைய தெருவிலேயே விட்டுவிடுகிறார்கள் சிலர்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் நம்முடைய அவசரம்தான். பயந்துபோன நாய்க்குக் கொஞ்சலைவிட முதலில் வேண்டியது, யாரும் தொந்தரவு செய்யாத ஓர் இடம்.

திரும்ப விட்டால் என்ன?

தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, நாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றது. கூடவே, தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தை விடுங்கள். அந்தத் தெருவை அதற்குள் வேறு நாய்கள் பிடித்திருந்தால், திரும்பிப் போகிற நாய்தான் கடிபடும். பயந்த நாய், இன்னும் பயந்த நாயாகும். அப்படிப்பட்ட நாய் மிரண்டுபோய் யாரையாவது கடித்தால், அதற்கும் நாம்தான் காரணம்.

பயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாலை இடுக்குவதும் காதை மடக்குவதும் எல்லோருக்கும் தெரியும். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை அடிக்கடி நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பது, இவையும் பயத்தின் அடையாளங்களாக இருக்கலாம். உறுமல் என்பது "கிட்ட வராதே" என்ற எச்சரிக்கை. அதற்காக அடித்தால், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கப் பழகிவிடும்.

முதல் சில நாள் என்ன செய்யலாம்?

செட்டிநாட்டு வீடுகளின் வளவும் முற்றமும் நமக்கு விசாலம்; மிரண்ட நாய்க்கு ஒளிய இடமில்லாத வெட்டவெளி. சின்ன அறையோ, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையோ ஒதுக்குங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கால் வழுக்கும். ஒரு சாக்கை விரித்துப் போடுங்கள். பக்கத்திலேயே தண்ணீர் வையுங்கள்.

சாப்பாட்டை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஏற்கெனவே தின்று பழகியதையே கொடுங்கள். ஆசையாகப் பால் ஊற்றினால் சில நாய்களுக்கு வயிற்றால் போகும். வந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம்.

"நாய் கொண்டாந்திருக்கீகளாமே, பாப்போம்" என்று வரும் அக்கம்பக்கத்தாரைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். குழந்தைகளிடம், "நீ போகாதே, அதுவா வரட்டும்" என்று சொல்லிவையுங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். அது வந்து மோந்து பார்க்கும்வரை கை நீட்டாதீர்கள். தலைக்கு மேலே வரும் கை, அடிக்க வரும் கையாகவே அதற்குத் தெரியும்.

கேட்டைச் சாத்தியே வையுங்கள். வெளியே கூட்டிப்போகும்போது பெல்ட் கட்டாயம். பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாய்க்கு வழி தெரியாது. நம் மாவட்டத்திலேயே, வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நம்மால் அந்த ஒரு ராத்திரி, நாயை உள்ளறையில் வைத்து ஜன்னலையாவது சாத்த முடியும்.

எல்லாவற்றையும் பயம் என்று விட்டுவிடவும் கூடாது. கொண்டுவந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து பற்றிக் கேளுங்கள். இரண்டாவது நாளும் தின்னாவிட்டால் தாமதிக்காமல் காட்டுங்கள். கடியோ கீறலோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எத்தனை நாள் பொறுப்பது?

நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பதற்றம் தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம்ம வீடு என்று உணர 3 மாதம். இது தோராயம்தான், அடிபட்டு வளர்ந்த நாய்க்குக் கூடுதலாகவும் ஆகலாம்.

"மூணு மாசம் யாருங்க பொறுத்துக்கிட்டு இருக்கிறது?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை நாயைத் தூக்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் தப்பில்லை. தெருவில் இருக்கும் நாய்க்குத் தடுப்பூசி போடவும் கருத்தடை செய்யவும் உதவுவதும் உதவிதான். கொண்டுவந்த பிறகு முடியவில்லை என்றால், பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் வேறொரு வீட்டைத் தேடிக் கொடுங்கள். தெருமுனையில் இறக்கிவிட்டு வராதீர்கள்.