தொலைவில்லை வாங்கப் போகும் தம்பிக்கு

வெலிமடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். சேர்த்த பணத்தில் கமரா ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டார். அடுத்து, 600 மில்லிமீற்றர் வரை நீளும் லென்ஸ் ஒன்றை வாங்க வேண்டுமாம். எதை வாங்கலாம் என்று கேட்டார். பத்திரிகைத் தொழிலில் படப்பிடிப்பாளர்களோடு நெடுங்காலம் அலைந்தவன் ஆகையால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"என்ன படம் எடுக்கப் போகிறீர்கள், தம்பி?" என்றேன்.

"எங்க மலையில சிறுத்த திரியுதுங்க ஐயா. கிட்டப் போய் எடுத்த மாதிரி ஒரு படம் வேணும்."

அவர் சொன்ன வாக்கியத்தில் உயிரான சொல் 'மாதிரி' என்பதே. கிட்டப் போகாமலே கிட்டப் போனது போன்ற படத்தைத் தருவதற்காகத்தான் இந்தக் கருவி உண்டாக்கப்பட்டது. இன்று அதைத் தோளில் சுமந்து திரிவோரில் பலர் அந்த ஒரு சொல்லை மறந்துவிட்டார்கள். தமிழில் இதைத் தொலைவில்லை என்கிறோம். சேர்த்து எழுதினால் கருவியின் பெயர். பிரித்துப் படித்தால் 'தொலைவு இல்லை' என்றாகிவிடும். நம்மவர்கள் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டார்கள் போலும்.

முதலில் அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். சாதாரண 50 மில்லிமீற்றர் வில்லையோடு பத்து மீற்றர் தொலைவில் நின்று எடுக்கும் உருவத்தை, 600 மில்லிமீற்றர் வில்லையோடு 120 மீற்றர் தொலைவில் நின்று அதே அளவில் எடுக்கலாம். இடையிலுள்ள 110 மீற்றரைத்தான் நாம் பணம் கொடுத்து வாங்குகிறோம். முழுச்சட்டகக் கமராவில் 600 மில்லிமீற்றர் வில்லை, 60 மீற்றருக்கு அப்பால் ஏறக்குறைய மூன்றரை மீற்றர் அகலமான காட்சியைச் சட்டகத்துக்குள் நிரப்பும். சிறுத்தை ஒன்றை வாலோடு தாராளமாக அடக்க இது போதும். சிறிய உணரியுள்ள கமராவானால் காட்சி இன்னும் நெருங்கி வரும்.

முன்பெல்லாம் இது பணக்காரர் விளையாட்டு. 600 மில்லிமீற்றர் எஃப் 4 வில்லை ஒன்றின் விலை இன்றைக்கும் பன்னிரண்டாயிரம் டொலருக்கு மேல். நிலைமையை மாற்றியவை 2013இன் பின் டாம்ரனும் சிக்மாவும் கொண்டுவந்த 150–600 சூம் வில்லைகள். 2015இல் நிக்கொனின் 200–500, 2019இல் சோனியின் 200–600, 2023இல் கெனனின் 200–800 என்று வரிசை நீண்டது. இவற்றில் பல இரண்டு கிலோகிராம் எடையை ஒட்டியவை. தம்பியைப் போன்றவர்களுக்கு ஏற்றது, நல்ல நிலையிலுள்ள பழைய 150–600 ஒன்றும், கூடவே ஒற்றைக்கால் தாங்கி ஒன்றும்.

ஆனால் ஊவா மலையகத்தின் காற்றையும் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இவ்வகை வில்லைகள் முழுதாக நீண்டதும் பெரும்பாலும் எஃப் 6.3 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 4 வில்லை உள்ளே விடும் வெளிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் கிடைக்கும். சிறுத்தை நடமாடுவதோ அந்தியிலும் விடியலிலும். ஹக்கலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிவிட்டால் எந்த வில்லையும் அதை ஊடுருவாது. நண்பகலில் பத்தனைப் புல்வெளியின் மேல் எழும் வெப்பக்காற்று, தூரத்து உருவத்தைத் தண்ணீருக்குள் கிடப்பதைப் போல நெளியச் செய்யும். இக்குறைகளைக் கண்டதும், "இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் என்ன?" என்ற எண்ணம் எழும். பிழை தொடங்கும் இடம் இதுதான்.

ஊவாவிலேயே இதற்கு உதாரணங்கள் உள்ளன. புத்தளையிலிருந்து கதிர்காமம் செல்லும் வீதியோரத்தில் யானைகள் வாகனங்களை எதிர்பார்த்து நிற்கின்றன. பழமும் சோளமும் கொடுத்துப் பழக்கியவர்கள் நாம்தான். யானையோடு சேர்ந்து நிற்கும் படத்துக்காகக் கொடுத்தவர்களும் அவர்களில் அடக்கம். கேட்டு வாங்கப் பழகிய யானை, கொடுக்காத வாகனத்தை மறித்தால் பழி யானைக்கு. அதற்கு அப்பால் யால. முதலாம் வலயத்தில் சிறுத்தை ஒன்று மரத்தில் படுத்திருக்கிறது என்ற செய்தி பரவினால் போதும், ஜீப் வண்டிகள் புழுதி பறக்க வந்து குவியும். 500, 600 மில்லிமீற்றர் வில்லை வைத்திருப்பவரும் சாரதியிடம், "இன்னும் முன்னால் விடுங்கள்" என்கிறார். பிறகு எதற்காக அதை வாங்கினார்?

பறவைகளின் கதையும் இதுவே. ஹோர்ட்டன் சமவெளியில் அரெங்கா குளம் என்றொரு நீர்நிலை உண்டு. இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவியின் பழைய விஞ்ஞானப் பெயரிலிருந்து வந்த பெயர் அது. மலையோடைகளின் அருகே, இருள் முற்றாக விலகாத வேளையில் குரல் கொடுக்கும் அப்பறவை, அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது. அத்தகைய பறவையை வெளியே வரவழைக்க, பதிவு செய்த குரலைக் கைத்தொலைபேசியில் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். பறவை தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென்று பதறி வருகிறது. இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு வருகிறது. அந்தப் பதற்றத்தைப் படமாக்கி, 'என்ன அழகு!' என்று எழுதுகிறோம்.

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியில் பதுளையை நிர்வகித்தவர் அவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் சுட்டதற்கும் நாம் படம் எடுப்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நம் மொழியில் படம் 'பிடிக்கிறோம்' என்கிறோம். எத்தனை பிடித்தேன், எவ்வளவு கிட்ட நின்று பிடித்தேன் என்ற பெருமை உள்ளே இருக்கும்வரை, கையிலிருப்பது துப்பாக்கியல்ல என்பது மட்டும் நம்மை நல்லவர்களாக்கிவிடாது.

இனி என் தொழிலின் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். மலையகத்துச் சிறுத்தை எங்கள் பத்திரிகைகளில் எப்போது இடம்பெற்றது? யாரையாவது தாக்கியபோது, அல்லது பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டிச் செத்தபோது. அத்தகைய படங்களைப் பக்கத்தில் வைத்தவர்களில் நானும் ஒருவன். 2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையொன்றை ஊரவர் அடித்துக் கொன்ற காட்சி, கைத்தொலைபேசிகள் வழியே உலகத் தமிழர் எல்லோரையும் சென்றடைந்தது. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணி லக்ஷபான தோட்டப்பகுதியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் சிக்கியது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றும் சில நாட்களில் இறந்துபோயிற்று. மலையில் இப்படியொரு விலங்கு வாழ்ந்தது என்பதை நம்மில் பெரும்பாலோர் அறிந்ததே அது கம்பியில் கிடந்த படத்தின் மூலந்தான்.

ஆகவே அந்த இளைஞர் எடுக்க விரும்பும் படத்துக்கு ஒரு தேவை இருக்கிறது என்றே கருதுகிறேன். உயிரோடு, அச்சமின்றி, தன் போக்கில் தேயிலைச் சரிவின் மேலோரத்தில் நடந்துபோகும் ஒரு சிறுத்தையின் படம். அதைக் கொழும்பிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர் எடுப்பதைவிட, அந்த மலையில் பிறந்தவர் எடுப்பது மேல். எந்தக் காலத்தில் அது வரும், எந்த ஓடையைக் கடக்கும் என்பதை அறிந்தவர் அவரே.

"கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இந்தப் படத்தால் என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. 2022 மார்ச் வரை இருநூறு ரூபாயை ஒட்டியிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. பின்னர் இறங்கியது. ஆயினும் டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்து, ஆயிரம் டொலர் வில்லை ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 222 நாள் உழைப்பு. உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால் மட்டும். சிறுத்தையோ குளவியோ எப்போது வரும் என்ற பயத்தோடு மலையேறுகிற ஒருத்தியிடம், விலங்கை நேசி என்று உபதேசம் செய்ய எனக்கு அருகதையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அதிகாலையில் அந்தப் பெண்கள் உரக்கப் பேசிக்கொண்டே மலைக்குள் இறங்குவார்கள். ஏனென்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். "நாங்க வாறோம்னு அதுக்குத் தெரியணும்ல, தொர" என்றார். படுத்திருக்கும் விலங்கு எழுந்து விலகிப் போக நேரம் கொடுக்கிறார்கள். வில்லையும் இல்லை, வகுப்பும் இல்லை. தூரத்தின் பயன் தெரிந்திருக்கிறது. சரிவில் குட்டி ஒன்று தென்பட்டால் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுக்க ஓடுபவர்கள், பெரும்பாலும் தொலைபேசி வைத்திருக்கும் இளையவர்கள்தாம். தாய்ச் சிறுத்தை இரைதேடப் போயிருக்கும்; அருகிலேயே இருக்கவும் கூடும். அப்போது ஆபத்துக்குள்ளாவது தூக்கியவர் மட்டுமல்ல. மறுநாள் அதே சரிவில் கொழுந்து பறிக்க வேண்டியவர்களுந்தான்.

இன்னொரு தூரமும் உண்டு. படத்துக்கும் இடத்துக்கும் இடையே வைக்க வேண்டிய தூரம் அது. நல்ல படம் கிடைத்த மகிழ்ச்சியில் தோட்டத்தின் பெயரையும் மலையின் இலக்கத்தையும் எழுதிவிட்டால், அடுத்த விடுமுறைக்கு வாகனங்கள் வரும். சுருக்கு வைப்பவனும் வாசிக்கத் தெரிந்தவனே. சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். ஆனால் ஒவ்வொரு சரிவிலும் காவலுக்கு ஆள் நிறுத்த எந்தத் திணைக்களத்தாலும் இயலாது. எனவே 'ஊவா மலையகம்' என்று மட்டும் எழுதினால் போதும். செய்தியாளனாக நான் இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். எங்கே, எப்போது என்று எழுதாவிட்டால் அது செய்தியல்ல என்றுதான் இளையவர்களுக்குக் கற்பித்தேன். தகவல் தந்தவரின் பெயரை அவர் பாதுகாப்புக்காக மறைப்பதும் அதே தொழிலின் விதி. இங்கே தகவல் தந்தது நான்கு கால் உள்ளது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழில் காட்டுயிர் பற்றி எழுதியும் படமெடுத்தும் வழிகாட்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1996இல் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தார். வெவ்வேறு பாகங்களைத் தாமே பொருத்திச் செய்த கமராவோடு காடுகளில் திரிந்தவர். எடுத்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். இன்றைய வில்லைகளோடு ஒப்பிட்டால் அவர் கையிலிருந்தது ஒட்டுப்போட்ட கருவி. அதனால் அவர் படங்கள் மதிப்பிழக்கவில்லை. எதிரேயுள்ள விலங்கை அவர் அறிந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த இளைஞரை நானே அழைத்தேன். பழைய 150–600 ஒன்றைப் பார்க்கும்படி சொன்னேன். உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நம் ஈரக் காற்றில் அது வில்லைகளின் சயரோகம். பிறகு இதையும் சொன்னேன்: "தம்பி, விலங்கு தலையை உயர்த்தி உங்களைப் பார்த்துவிட்டால் நீங்கள் அளவுக்கு மேல் கிட்டப் போய்விட்டீர்கள் என்று பொருள். அந்தப் படம் நன்றாகத்தான் வரும். ஆனாலும் பின்னால் வந்துவிடுங்கள்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அது என்னப் பாக்காத படந்தான் நல்ல படமா ஐயா?" என்றார்.

ஆம் என்றேன்.