படித்துவிட்டுச் சொல்வோம்

"நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் அக்கா" என்று தங்கைமார் கேட்டால், கேட்ட மாத்திரத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோம். அது ஆங்கில நாவலாக இருந்துவிட்டால் சொல்வதிலேயே ஒரு பெருமை. அதை நாம் முழுவதும் படித்தோமா என்று யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இப்பழக்கத்தால் விளையும் கேட்டை நாங்கள் அனுபவத்தில் கண்டோம். ஆகவே இதை எழுதத் துணிந்தோம்.

நாங்கள் கொல்லிமலை எடப்புளி நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். முதலில் வந்தபோது எங்களுக்கு ஆங்கிலம் என்றால் பாடப்புத்தகம் மட்டுமே. (இங்குள்ள தோழியர் பேசிய தமிழே சில நாள் வேறாகத் தோன்றியது. அது தனிக்கதை.) எங்கள் நூலகத்தில் ஒரு நோட்டு உண்டு. படித்த நூலின் பெயரையும் அதைப் பற்றி இரண்டு வரியையும் அதில் எழுத வேண்டும். சென்ற ஆண்டு நாங்கள் அதில் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' என்று சிவப்பு மையால் எழுதி, 'அனைவரும் கட்டாயம் படிக்க வேண்டியது' என்று அடிக்கோடும் இட்டோம். உண்மையில் நாங்கள் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

எங்கள் மலையிலிருந்தே வந்த எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, எங்கள் எழுத்தை நம்பித் தலையணை போன்ற அந்த நூலைத் தூக்கிச் சென்றாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதினாள். இரண்டு வாரத்தில் ஆறு பக்கம். பிறகு நூலைத் திருப்பிக் கொடுத்தவள் நூலகப் பக்கமே வரவில்லை. காரணம் கேட்டோம். "நீங்க எல்லாம் படிச்சிட்டீங்கக்கா, எனக்குத்தான் அறிவு பத்தல" என்றாள். அன்றிரவு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. நாங்களும் படிக்கவில்லை என்ற உண்மையை அவளிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

அதன் பிறகு நூலகச் சகோதரி எங்கள் கையில் 'ஹைடி'யின் சுருக்கப் பதிப்பைக் கொடுத்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் அந்தத் தங்கையையும் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக உரக்கப் படித்தோம். பக்கத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் அகராதியைத் திறப்பதில்லை என்று விதி வைத்தோம். மற்றதைக் கதையே சொல்லிக்கொடுத்தது. மலையில் தாத்தாவோடு வளர்ந்த சிறுமியைப் பிராங்க்பர்ட் நகரத்துப் பெரிய வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அவள் மலையை நினைத்து ஏங்கித் தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள். வெள்ளை ரொட்டியைத் தான் தின்னாமல், ஊரிலுள்ள கண் தெரியாத பாட்டிக்காக ஒளித்து வைக்கிறாள். இந்த இடம் வந்தபோது எங்களில் ஒருத்தி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பெட்டியில் ஊருக்குக் கொண்டுபோக வைத்திருந்த பிஸ்கட் பொட்டலம் இருந்தது எங்களுக்குத் தெரியும். 'ஏக்கம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எங்களில் யாரும் அகராதியில் தேடவில்லை.

படித்து முடித்த பின்தான் ஒரு செய்தி தெரிந்தது. ஹைடி ஆங்கிலக் கதையே அன்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹன்னா ஸ்பைரி 1880, 1881 ஆகிய ஆண்டுகளில் ஜெர்மன் மொழியில் எழுதியது. நாங்கள் ஆங்கில நாவல் என்று பெருமையோடு சுமந்தது மொழிபெயர்ப்பு! அப்படியிருக்க, தமிழ் மொழிபெயர்ப்பைப் படிப்பவளை மட்டும் ஏன் கேலி செய்கிறோம்? சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' எங்கோ கிர்கிசிய நாட்டுக் கிராமத்துப் பெண்ணின் கதை. அது தமிழில் வந்ததால்தானே நம் கைக்கு எட்டியது? தமிழில் முதலில் படித்துக் கதையைத் தெரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் படிப்பதும் நல்ல வழியே என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

ஆங்கிலமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில், ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் தங்கி மருத்துவம் செய்தனர். கணவர் 1929இல் காய்ச்சலில் இறந்தார். அம்மையார் முதுமையிலும் மலைவாழ் மக்களுக்காக உழைத்து 1974இல் மறைந்தார். கொல்லிமலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர். இவர்கள் வரலாற்றை டாரதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் நூல்களாக எழுதியிருக்கிறார். எங்கள் மலையின் கதையையே ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகவாவது அம்மொழி எங்களுக்கு வேண்டும்.

"கதைப் புத்தகம் மார்க்கைக் குறைக்கும்" என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். இது அரசுப் பொதுத்தேர்வு ஆண்டு. அவர்கள் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப் வேலை பார்த்தவர். நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர். பெண்கல்விக்காக நூல் எழுதியவர். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று அவர் எண்ணியிருந்தால், ஞானாம்பாளை ஆண் வேடத்தில் அரசாள வைத்திருப்பாரா?

இப்போது நூலக நோட்டில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். பரிந்துரைப்பவர் எத்தனை பக்கம் படித்தார், எங்கே நிறுத்தினார், எந்த இடம் புரியவில்லை என்பதையும் எழுத வேண்டும். 'டேவிட் காப்பர்ஃபீல்ட்'டுக்கு எதிரே இருந்த அடிக்கோட்டை அடித்துவிட்டு, 'மூன்று அத்தியாயம் மட்டும். கடினம். மீண்டும் முயல்வோம்' என்று எழுதினோம். கை கூசத்தான் செய்தது. எங்களைப் பார்த்து வேறு இருவரும் தங்கள் வரிகளைத் திருத்தியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் வேண்டாம்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, எங்களில் ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாட்டிக்கு ஹைடி கதையைத் தமிழில் சொன்னோம். கதை முழுவதையும் அந்தத் தங்கையே சொன்னாள். பாட்டி வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த மலையில சாமை வெளையுமா?"

புத்தகத்தில் தேடிப் பார்த்தோம். ஆடு இருக்கிறது, பாலாடைக்கட்டி இருக்கிறது. சாமை இல்லை.